நேர்கோட்டில் பெய்த மழை

1963 நவம்பர். திங்கட்கிழமை காலை ஏழு மணி. திருவெள்ளறை வயலோரத்தில் கல்லூரி நிறுவியிருந்த செம்பு மழைமானியைக் காணவில்லை என்று விரிவுரையாளர் தைரியராஜ் புகார் கொடுத்தார். சனிக்கிழமைகூட அதில் மழை அளந்ததாகச் சொன்னார்.

பத்து மணிக்குள் காவலாள் மருதையைப் பிடித்துவிட்டார்கள். ஐப்பசியில்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள். அப்படியொரு பொருளை அங்கே பார்த்ததே இல்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை.

புவியியல் எம்.ஏ. மாணவி ஜஹானாராவுக்குச் செய்தி வகுப்பில் தெரிந்தது. திருச்சி மழைக்கும் திருவெள்ளறை மழைக்கும் உள்ள தொடர்பைப் புள்ளியியல் முறையில் கணக்கிடுவதுதான் அவளுக்கு அந்தப் பருவத்துப் பயிற்சி. தைரியராஜ் தந்த அளவுகளை வைத்து ஒவ்வொரு மழைநாளையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் குறித்திருந்தாள். ஜூலை வரை புள்ளிகள் கொட்டிய கடுகாகச் சிதறிக் கிடந்தன. ஆகஸ்டிலிருந்து ஒரே நேர்கோடு. கணக்கு அருமையாக வந்திருப்பதாகத் தைரியராஜ் பாராட்டியிருந்தார்.

அவள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனாள். தைரியராஜும் அங்கே இருந்தார். படிக்கிற பெண்ணுக்கு இங்கே என்ன வேலை, வகுப்புக்குப் போ என்றார். அவள் நகரவில்லை.

"சார், கன்டோன்மென்ட்ல கொட்டுற மழை ஸ்ரீரங்கத்துலயும் அதே அளவு கொட்டுமா?" என்று இன்ஸ்பெக்டர் சின்னையனைக் கேட்டாள்.

"சில நாள் அங்க காய்ஞ்சு கிடக்கும். அதுக்கென்னம்மா?"

"ஆகஸ்ட்லேருந்து திருச்சியில எவ்வளவு பெஞ்சாலும் திருவெள்ளறையில சரியா முக்கால் பங்கு பெஞ்சிருக்கு. ஒரு நாள்கூடத் தப்பலை. மழை அப்படிப் பெய்யாதுங்க. வீட்ல உட்கார்ந்து திருச்சி அளவை முக்காலால பெருக்கினாத்தான் அப்படி வரும். அங்க மானியே இல்ல சார். மருதை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சு."

சின்னையன் தைரியராஜைத் திரும்பிப் பார்த்தார். அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாலை நான்கு மணிக்கு, ஸ்ரீரங்கத்தில் தைரியராஜின் வீட்டுப் பரணில் மானி அகப்பட்டது. ஆகஸ்டில் மாடு மிதித்து நசுக்கியிருந்தது. அளவுகள் நின்றால் தம் ஆராய்ச்சியும் நின்றுவிடும் என்று மறைத்தவர், துறைத்தலைவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னதும் திருட்டுக் கதை கட்டிவிட்டார்.

புகாரைத் திரும்பப் பெற்றுச் சத்தமில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்றார் துறைத்தலைவர். இதைப் பற்றி வெளியே பேசினால் தேர்வில் பார்த்துக்கொள்வோம் என்றும் ஜஹானாராவிடம் சொன்னார்.

"பார்த்துக்குங்க சார்," என்றாள் ஜஹானாரா. "ஆனா மருதை திருடன் இல்லைன்னு தைரியராஜ் சார் அவர் முன்னாடி நின்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் பேசிக்கிட்டுத்தான் இருப்பேன்."

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில், நிலைய வாசலில், தைரியராஜ் சொன்னார். மருதை தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, அவரைத் தாண்டி நடந்தான்.