மிதி, புடி, விடு

"செத்தவரு வண்டி சாமானத்தான் வாங்கிட்டு வரணுமா? ஹட்டன்ல வேற—"

"செத்தது ஆளு. சாமான் சாகல."

"—வேற கடையே இல்லயா உங்களுக்கு?"

"நாளைக்கு விடிஞ்சா பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஏறணும் ஜீவா. நம்ம மக வினோதாவும் இதுலதான் போவா. பிரேக்கு புடிக்காத வேன்ல ஏத்தச் சொல்றியா?"

ஜீவராணி கிட்ட வந்து பார்த்தாள். தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் வேன் ஜாக்கில் நின்றது. கழற்றிய முன்சக்கரம் புல்லில் கிடந்தது. பழுதான காலிப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் வாங்கியதை அவள் கணவன் பிரதாப் முடுக்கிக்கொண்டிருந்தான். பிரேக்கை மிதித்தால் சக்கரத்தின் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்பு அது. மூன்று நாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. இன்னும் காயவில்லை. அவன் துடைக்கத் துடைக்கத் துணியில் சேற்றுத்தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"உடப்புசல்லாவ ரோட்டுப் பள்ளத்துத் தண்ணியில இருந்து அழகுமுத்து அண்ணன தூக்குறப்ப, அவரு காலு பிரேக்குலயே இருந்துச்சாம். நாலு பேரு இழுத்தும் வரலயாம்."

"பிரேக்கு டியூப்பு வெடிச்சுப் போச்சு, பாவம் மனுசன் என்ன செய்வாரு? காலிப்பர் மேல குத்தமில்ல." அவன் சிரித்தான். "அவரு மாதிரி நீயும் நல்லா மிதி. போய் ஏறு."

"டயருக்கு அடியில வைக்க எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன்."

"மொதல்ல டயர மாட்டணும்ல, மகராசி?"

அவள் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். பிரேக் எண்ணெய்க் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். அவன் "மிதி" என்றால் மிதிக்க வேண்டும். "புடி" என்றால் அழுத்தியபடியே இருக்க வேண்டும். அப்போது அவன் கீழே ஒரு சின்னத் திருகைத் திறந்து, காற்றை விட்டுவிட்டு மூடுவான். "விடு" என்ற பிறகுதான் காலை எடுக்கலாம்.

"நான் சொல்லாம கால எடுத்த, மறுபடி காத்து ஏறிரும். வெளங்குதா?"

"வெளங்குது, வெளங்குது."

பொழுது இன்னும் சாயவில்லை என்றாலும் தேயிலை மலையிலிருந்து பனி இறங்கி லயத்துக் கூரையை மூடி, தண்ணீர் கொட்டும் பீலியடியில் யாரோ துணி துவைக்கும் சத்தத்தை மூடி, வேனின் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றிருந்தது. ஃபாக்டரியில் வாட்டும் கொழுந்தின் வாசனையோடு பிரேக் எண்ணெயின் நெடியும் சேர்ந்து அவள் தொண்டையைக் கரித்தது.

"மிதி."

மிதித்தாள். பஞ்சு மாதிரி அமுங்கியது.

"புடி."

திருகு கிறீச்சிட்டது. எண்ணெய் குமிழியிட்டு போத்தலுக்குள் இறங்கும் சத்தம்.

"விடு."

மிதி, புடி, விடு. மிதி, புடி, விடு. கீழே இருந்து வரும் அந்தக் குரல் அவளுக்குத் தாலாட்டு போல ஆகிவிட்டது. வினோதா பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டாளா என்று எட்டிப் பார்த்ததில் ஒரு "மிதி" தவறிப்போனது.

"சபாஷ்! இப்பத்தான் ஒழுங்கா மிதிச்ச. புடி."

அவள் கால் தரையில் இருந்தது.

கேலி செய்கிறான். அப்படித்தான் இருக்கும். அவசரமாகக் காலை வைக்கப் போனாள். பெடல் அங்கே இல்லை. ஏற்கெனவே அடியில் கிடந்தது.

"விடு."

பெடல் மெல்ல எழும்பி வந்து அவள் உள்ளங்காலைத் தொட்டது. செருப்பில்லாத கால். பெடல் ரப்பர் ஜில்லென்று நனைந்திருந்தது.

"ஏங்க..."

"பேசாத ஜீவா, கணக்குத் தப்பிரும். மிதி."

அவள் மிதிக்கவில்லை. அவள் பாதத்தின் கீழிருந்து பெடல் நழுவி இறங்கியது. நிதானமாக. பழகிய கால் மாதிரி. முன்கண்ணாடியில், உள்பக்கம், அவள் முகத்துக்கு நேரே இல்லாமல் ஒரு சாண் மேலே, மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம் வெளுத்தது. மறைந்தது. மறுபடியும் வெளுத்தது.

கதவைத் திறந்து இறங்கினாள். விழுந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். மடியிலிருந்த எலுமிச்சம்பழம் உள்ளே உருண்டது.

"விடு."

பெடல் எழும்பியது. பழம் அதன் அடியில் போய் நின்றது.

கத்த வாயைத் திறந்தாள். அவன் கிடந்ததைப் பார்த்துக் கையால் பொத்திக்கொண்டாள். வேனுக்கு அடியிலிருந்து அவன் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. தலை உள்ளே. கை உள்ளே.

"கடைசித் தடவ. நல்லா மிதி."

பெடல் இறங்கியது.

பழத்தின் தோல் நெளிந்தது. மஞ்சள் பிதுங்கியது. பட்டென்று வெடித்தது. புளிப்பு வாசனை. சாறு ரப்பர் விரிப்பில் வழிந்தது. ஓரிடத்தில் வளைந்து, ஒரு குதிகாலைச் சுற்றிக்கொண்டு போனது.

"புடி."

திருகு கிறீச்சிட்டது. மூடியது.

"விடு."

பெடல் எழும்பவில்லை.

ஜீவராணி இரண்டு காலும் சேற்றில் பதிய, திறந்த கதவுக்கு வெளியே நின்றாள். விரிப்பில் குதிகால் இருந்த இடம் இன்னும் ஆழமாக அமுங்கியது.

வேனுக்கு அடியிலிருந்து பிரதாப் சந்தோஷமாகச் சொன்னான்.

"கல்லு மாதிரி நிக்குது ஜீவா! நாளைக்குப் புள்ளைங்கள தைரியமா ஏத்தலாம். போதும்... கால எடு."