நிடியாவின் மழுங்கிய கத்தி

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. விளக்கை அணைக்க வேண்டாம், இருட்டட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் பம்பாஸ் சமவெளியில் பயம் வெயிலில்தான் வரும். மதியச் சாப்பாடு முடிந்து, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உறங்குமே, அந்த இரண்டு மணி நேரத்தில். அப்போது நாய் குரைக்காது. தெரு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் வந்து போகிற ஒருவரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சான்டா ரோசாவில், எங்கள் தெருக்கோடியில், டெல்ஃபோர் என்று ஒருவர். முப்பத்து நான்கு வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பிலிருந்து கறியைப் பிரித்தெடுக்கிற வேலை. தொழிற்சாலையை மூடிய அதே பிப்ரவரியில் அவர் மனைவி நிடியாவும் போய்விட்டாள். டெல்ஃபோர் அழவில்லை. சவப்பெட்டியை இறக்கும்போதும் அழவில்லை, வீட்டுக்கு வந்து அவள் செருப்பைப் பார்த்தபோதும் அழவில்லை. உடம்பும் மனசைப் போலவே மரத்துவிட்டது. கொதிக்கிற கெட்டிலைத் தொட்டுக்கொண்டு நிற்பார். எதிர்வீட்டிலிருந்து வந்துபோகும் அவர் அக்கா சுலேமா ஓடிவந்து கையைத் தட்டிவிடுவாள்.

"சுடலையாடா?"

"தெரியலக்கா."

பதினொரு மாதம் இப்படி.

அவர் பத்திரமாக வைத்திருந்தது ஒரே ஒரு பொருளை. அடுப்புப் பக்கத்து இழுப்பறையில் நீலக் கட்டம் போட்ட துணியில் சுற்றிய நிடியாவின் கத்தி. அந்த வீட்டில் மற்ற எல்லாக் கத்தியும் முடியைச் சிரைக்கும். அது ஒன்று மட்டும் தக்காளியைக்கூட நசுக்கித்தான் நறுக்கும். டெல்ஃபோர் எத்தனையோ தடவை தீட்டித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறார். "கைய எடுங்க. கசாப்புக்காரன் வீட்ல ஒரு கத்தியாவது சாதுவா இருக்கட்டும்" என்பாள். கடைசியாக அவள் நறுக்கிய வெங்காயத்தின் சருகு ஒன்று இன்னும் அதன் அலகில் ஒட்டியிருந்தது. டெல்ஃபோர் சில மதியங்களில் துணியைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். எதுவும் உறைக்காது. திரும்பச் சுற்றி வைத்துவிடுவார்.

அந்த ஜனவரிக் கோடையில் சுலேமாதான் கைபேசியை அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள். இணையத்தில் யாரோ பழைய சைக்கிள் விற்கிறார்கள். சாதாரண சைக்கிள் இல்லை, சாணைக்காரரின் சைக்கிள். ஸ்டாண்டு போட்டு மிதித்தால் கைப்பிடிக்கு முன்னால் இருக்கிற சாணைக்கல் சுற்றும்.

"கத்தி புடிச்ச கைடா உனக்கு. வீட்டுக்குள்ள உக்காந்து பூஞ்சை புடிக்கறதுக்குத் தெருத்தெருவா போயேன். நாலு பொம்பளைங்க வம்பாவது காதுல விழும்."

"சரி."

"என்ன சரி? வேணுமா, வேணாமா?"

"நீயே வாங்கிடு."

வாங்கிவிட்டாள். விற்றவள் எடெல்மிரா என்ற பெண். சாணைக்காரர் பல்பினோவின் மகள். இருக்கிற இடம் மேற்கே, பாலைவனச் சாலைக்கும் அப்பால், நானூற்றெழுபது கிலோமீட்டர். போக, வர, ஒரே நாள்.

பிறகு ஒரு வாரம் திட்டம் போடுவதிலேயே போயிற்று. சுலேமா கோடு போட்ட தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள். விடிகாலை நாலரைக்குக் கிளம்புவது. ஜெனரல் ஆச்சா ஊரில் டீசல், அதற்கப்புறம் வளைவே இல்லாத சாலை, பங்க் கிடையாது. வண்டி ஓட்டுவது டெல்ஃபோர். பக்கத்தில் உட்கார்ந்து மாத்தே என்கிற கசப்புத் தேநீர் ஊற்றிக் கொடுத்து அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது சுலேமா. கயிறு இரண்டு. போர்வை ஒன்று. வறுத்த இறைச்சி வைத்த ரொட்டி ஆறு.

"ஆறு எதுக்குக்கா? நாம ரெண்டு பேர்தானே."

"நீ சாப்பிட மாட்ட. அதையும் நான் சாப்பிடணும்ல?"

புறப்படுவதற்கு முந்தின நாள் எடெல்மிராவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'மறக்காமல் வீட்டிலிருந்து மழுங்கிய கத்தி ஒன்று எடுத்து வாருங்கள். சைக்கிளை எடுப்பதற்கு முன்னால் அந்தக் கல்லில் அதைத் தீட்ட வேண்டும். எங்கள் அப்பாவின் வழக்கம்.'

சுலேமா அதையும் தாளில் எழுதினாள். எழுதிவிட்டு இழுப்பறையைப் பார்த்தாள். டெல்ஃபோரும் பார்த்தார். அதை யாரும் திறக்கவில்லை. காலையில் அவர் எடுத்துவைத்தது, தொழிற்சாலையில் கறி பிரித்த தன்னுடைய எலும்புக் கத்தியை. அதன் கூர் காகிதத்தைத் தொட்டாலே காகிதம் இரண்டாகும்.

சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஊர் முழுக்க உறக்கம். தகரக் கூரை போட்ட பழைய வீடு. வாசலில் காய்ந்த திராட்சைக் கொடி. எடெல்மிரா அவர்கள் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தாள். ஐம்பது வயதிருக்கும். உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி ரகசியக் குரலில் பேசினாள்.

"சத்தம் போடாம வாங்க."

சுலேமாவும் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா தூங்கறாராம்மா?"

"அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு."

கொல்லைப்புற அறையில் சைக்கிள் நின்றது. கறுப்பு. தோல் இருக்கை நடுவில் குழிந்து பளபளத்தது. கைப்பிடியில் சாணைக்காரர்கள் ஊதுகிற சின்னக் குழல் ஒரு கயிற்றில் தொங்கியது. மூன்று வருடம் ஓடாத சைக்கிள் என்றால் தூசி இருக்க வேண்டாமா? இல்லை. அறையில் இரும்பு சூடாகிற வாடை அடித்தது, தீட்டின கத்தியில் தண்ணீர் தெளித்தால் வருமே, அது.

"மொண்ணைக் கத்தி கொண்டாந்தீங்களா?"

டெல்ஃபோர் எலும்புக் கத்தியை நீட்டினார். எடெல்மிரா அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்தாள். நகம் சுருளாகச் சீவிக்கொண்டு வந்தது.

"இது மொண்ணை இல்லையே, ஐயா."

"எங்க வீட்ல மொண்ணைக் கத்தியே கிடையாதும்மா. கசாப்புக்காரன் வீடு."

"ஒண்ணுகூடவா?"

சுலேமா அவர் முழங்கையைத் தொட்டாள். "ஏன்டா, நிடியாவோட..."

"கிடையாதுன்னேன்ல!"

எடெல்மிரா அவரைப் பார்க்கவில்லை. சைக்கிளின் இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தமா சொல்லிட்டீங்க," என்றாள் மெதுவாக.

"அதனால?"

"அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவரைக் கூப்பிட்டுட்டு வெறுங்கையோட அனுப்பக்கூடாது. ஒரு தடவ பக்கத்து வீட்டம்மா குழல் சத்தம் கேட்டு வெளிய வந்தா. 'சும்மா பாக்கத்தான் வந்தேன்'னு சொல்லிட்டா. அவ கத்தி கொண்டு வர்ற வரைக்கும் மூணு நாள் அவ வாசல்லயே நின்னாரு." கதவை நோக்கி ஓரடி பின்வாங்கினாள். "அப்போ உயிரோடதான் இருந்தாரு."

டெல்ஃபோருக்குப் பயம் வரவில்லை. எதுதான் வந்தது அவருக்கு? சைக்கிளைத் தூக்கி வண்டியின் பின்தட்டில் நிறுத்தி, இரண்டு கயிற்றாலும் கட்டி, சக்கரத்தையும் சட்டத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டு, மேலே போர்வையைப் போர்த்தினார். அவர் வண்டியைக் கிளப்புவதற்குள் எடெல்மிரா உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டாள். இரண்டு தாழ்ப்பாள். இரண்டு சத்தமும் கேட்டது.

திரும்புகிற சாலை இழுத்துக் கட்டிய கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. இருபுறமும் முட்புதர். வானம் வெயிலில் பழுத்திருந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். சுலேமா மாத்தே ஊற்றுவதை நிறுத்தினாள்.

"டேய். ரேடியோ போட்டியா?"

"இல்லையே."

"அப்ப யாரு ஊதறா?"

அவரும் கேட்டார். கீழேயிருந்து மேலே ஏறி, மேலேயிருந்து கீழே வழுக்குகிற குழல் ஓசை. சாணைக்காரர் தெருமுனையில் திரும்பும்போது ஊதுகிற அதே ஓசை. காற்றில் குழல் ஆடுகிறதோ?

கண்ணாடியில் பார்த்தார்.

போர்வை விலகிக் கிடந்தது. சைக்கிளின் பெடல் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. காற்றில் சுற்றுகிற மாதிரி வேகமாக அல்ல. நிதானமாக, ஒரே சீராக, வயதானவர் ஒருவர் உட்கார்ந்து மிதிப்பது மாதிரி.

வண்டியை ஓரம் கட்டினார். பெடல் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தார். சக்கரத்தில் அவர் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

சாணைக்கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார்.

"அக்கா, இங்க வா. இதைத் தொட்டுப் பாரு. சுடுதா?"

சுலேமா விரல் நுனியை வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைய எடுடா," என்றாள் விரலிடுக்கு வழியாக. "கைய எடு, கருகற வாடை வருது."

அவர் உள்ளங்கையில் வட்டமாகச் சிவந்திருந்தது. அவருக்கு வலிக்கவில்லை.

அதற்கப்புறம் வீடு வரும்வரை சுலேமா பின்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ரொட்டி ஆறும் அப்படியே இருந்தது. வெயில் சாய்ந்து, சமவெளி செம்மண் நிறமாகிற நேரத்தில் ஊருக்கு வந்தார்கள். சைக்கிளை இறக்கிக் கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். சுலேமா சாவியைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம். தெரு உறங்கிவிட்டது. டெல்ஃபோர் கட்டிலில் விழித்தபடி படுத்திருந்தார்.

தெருமுனையில் குழல் ஊதியது.

பிறகு பக்கத்து வீட்டுக்கு நேரே.

பிறகு அவர் வாசலில்.

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்து வெளியே போனால் கூப்பிட்டதாகிவிடும் என்று நினைத்தார். அவர் ஏற்கெனவே கூப்பிட்டாயிற்று, நானூற்றெழுபது கிலோமீட்டர் போய்க் கூட்டிவந்தாயிற்று என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

சமையலறையில் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அந்த இழுப்பறை கொஞ்சம் சிக்கும்; இடதுபக்கம் தூக்கி இழுக்க வேண்டும். நிடியா அப்படித்தான் இழுப்பாள். இதுவும் அப்படியே இழுத்தது.

டெல்ஃபோர் எழுந்து ஓடினார். பதினொரு மாதத்தில் முதல் தடவையாக ஓடினார்.

சமையலறையில் யாருமில்லை. சூடான இரும்பின் வாடை மட்டும். கொட்டகையிலிருந்து கல்லில் எஃகு உரசுகிற ஓசை வந்துகொண்டிருந்தது. கரகரப்பாகத் தொடங்கி, மெல்ல மெல்ல மெலிந்து, கடைசியில் பெருமூச்சு மாதிரி. கொட்டகைக் கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பிடித்து உலுக்கினார்.

"ஐயா, அது வேணாம்! அது அவளோடது! வேற எது வேணும்னாலும் எடுத்துக்கங்க!"

ஓசை நின்றது.

திரும்பி வந்து பார்த்தால் இழுப்பறை மூடியிருந்தது. இடதுபக்கம் தூக்கி இழுத்தார். நீலக் கட்டத் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. பிரித்தார். வெங்காயச் சருகு இல்லை. அலகு நிலாத் துண்டு மாதிரி மினுங்கியது. முப்பத்து நான்கு வருடப் பழக்கத்தில், கூர் பார்க்க, அவர் கட்டைவிரலை அதன்மேல் லேசாக ஓட்டினார்.

வலித்தது.

சுரீரென்று, எலும்புவரைக்கும் வலித்தது. விரலில் ரத்தம் பொட்டு வைத்து, வழிந்தது. அதோடு முந்தின நாள் உள்ளங்கையில் பட்ட சூடும் எரியத் தொடங்கியது. "நிடியா!" என்று அலறினார். எங்கள் தெருவே உறக்கத்திலிருந்து எழுந்துகொண்டது. சுலேமா வந்து பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, கத்தியை மடியில் போட்டுக்கொண்டு, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார்.

"சாதுவா இருந்துச்சேக்கா. ஒண்ணே ஒண்ணு சாதுவா இருந்துச்சே."

அதற்குப் பிறகு அவருக்குப் பசித்தது, சுட்டது, குளிர்ந்தது. சைக்கிளை வெளியே எடுத்துத் தெருத்தெருவாகப் போனார். பெண்கள் கத்தி கொண்டுவந்து கொடுத்தார்கள், வம்பும் சொன்னார்கள். ஆனால் அவர் எங்கே போனாலும் ஒரு மழுங்கிய கத்தியைத் தீட்டாமல் வீட்டுக்கு எடுத்துவருவார். மதிய உறக்கத்துக்கு முன்னால் அதைச் சமையலறை மேசைமேல் வைப்பார். எழுந்து பார்த்தால் அது கூராகியிருக்கும். அவ்வளவுதான். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தி வைக்க மறந்துபோனார். சுலேமாவின் பிறந்தநாள், சிரிப்பும் பேச்சுமாக நேரம் ஓடிவிட்டது. சாப்பிட்டு, உறங்கி எழுந்து, மிச்சமிருந்த பூசணி சூப்பைச் சூடாக்கினார்கள். சுலேமா ஏதோ கேலி சொல்லிக்கொண்டே ஒரு வாய் குடித்தாள்.

"டேய், சூப்புல என்ன போட்ட? உப்புக் கரிக்குது."

அவள் கீழுதட்டில் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது, மயிரிழை மாதிரி. டெல்ஃபோர் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். அதன் விளிம்பு முழுக்க, சுற்றிலும், தீட்டின அலகு மாதிரி மினுங்கியது. மேசையிலிருந்த எல்லாக் கரண்டியும் அப்படியே.

வெளியே குழல் ஓசை கீழேயிருந்து மேலே ஏறி, அடுத்த வீட்டு வாசலுக்கு நகர்ந்தது.

போதும், என் கண்ணுகளா, எழுந்து போய்ப் படுங்கள். நீங்கள் நறுக்குவது வெங்காயமாகவும், உங்கள் கண்ணீர் வெங்காயத்துக்காகவும் மட்டுமே இருக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சுடுவது சுடட்டும், குளிர்வது குளிரட்டும். உங்கள் இழுப்பறையில் மழுங்கிய கத்தி ஒன்றுக்கு என்றைக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும்.