மூன்று முறை விற்கப்பட்ட தம்பி

"என் தம்பியைத் திருப்பிக் கொடுங்க!"

இதை மட்டும் யாரிடமும் கேட்கவே கூடாது என்று அப்பா சத்தியம் வாங்கியிருந்தார். ஓப்பியா கேட்டேவிட்டாள்.

விடிந்ததும் கால்வென்டியஸ் பிரபுவின் வீட்டு முற்றத்தில் ஆட்கள் வரிசை கட்டிவிடுவார்கள். ஒருவருக்கு வேலை வேண்டும், இன்னொருவருக்குச் சிபாரிசு வேண்டும். இன்று அந்த வரிசையில் பத்து வயது ஓப்பியாவும் நின்றாள்.

"எனக்கு மாமியாரைத் திருப்பி அனுப்பணும். அதையும் இங்கேயே கேட்டுரலாமா?" என்றார் பின்னால் நின்ற ரொட்டிக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். ஓப்பியா சிரிக்கவில்லை.

ரோமப் பேரரசருக்குப் பிள்ளை இல்லை. அதனால் கால்வென்டியஸைத் தத்தெடுத்து, அடுத்த பேரரசர் இவர்தான் என்று அறிவித்துவிட்டார். கால்வென்டியஸுக்கும் பிள்ளை இல்லை. அவரும் தத்தெடுக்க ஒரு பையனைத் தேடி, போன மாதம் ஓப்பியாவின் வீட்டுக்கு வந்தார். அவர் மனதில் இருந்தது அவளுடைய பெரிய அண்ணன்தான்.

அன்று காலையில்தான் தம்பி ஆலஸ் அவளுடைய களிமண் பொம்மையை உடைத்திருந்தான்.

"இவனைக் கூட்டிட்டுப் போங்க! தொல்லை விட்டுது!" என்று கத்தினாள் ஓப்பியா.

ஆலஸ் பயப்படாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பு பிரபுவுக்குப் பிடித்துப்போயிற்று.

பத்தே நாளில் எல்லாம் முடிந்தது. ஐந்து சாட்சிகள் முன்னால் தராசில் செப்புத் துண்டைத் தட்டி, சடங்குக்காக அப்பா ஆலஸை மூன்று முறை விற்றார். ரோமச் சட்டப்படி, மூன்று முறை விற்றால்தான் பெற்றவரின் உரிமை தீருமாம். ஒவ்வொரு தட்டையும் ஓப்பியா எண்ணிக்கொண்டு நின்றாள். ஒரு பொம்மைக்காகத்தானே அவள் கத்தினாள்?

இன்று அவள் திருப்பிக் கேட்டதற்குக் கால்வென்டியஸ் கோபப்படவில்லை. "அவனையே கேப்போம். வர்றேன்னு சொன்னா அனுப்பிடறேன்" என்றார்.

ஆலஸ் வந்தான். புது உடை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அவன் தூணருகே பார்த்தான். அங்கே பேரரசரின் காவலர்கள் இருவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அப்பா ஏன் சத்தியம் வாங்கினார் என்பது ஓப்பியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆலஸ் வருகிறேன் என்றால், மத்தியானத்துக்குள் அரண்மனைக்குச் செய்தி போய்விடும். பேரரசர் வீட்டு உறவையே வேண்டாம் என்ற குடும்பத்தை ரோமில் யார் வாழவிடுவார்கள்? பிரபு நல்லவர்தான். ஆனால் இத்தனை பேர் முன்னால் கேட்டுத் தொலைத்துவிட்டாரே!

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான் ஆலஸ்.

"நீ ஒண்ணும் சொல்லாதடா!" என்று குறுக்கே பாய்ந்தாள் ஓப்பியா. "சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன். மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். அன்னிக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"நான்தானே பொம்மையை உடைச்சேன்?"

"நீதான் உடைச்சே. எருமை! ஆனா பொம்மை போனா வேற பொம்மை செஞ்சுக்கலாம்."

மீதியை அவள் விழுங்கிக்கொண்டாள். ஆலஸ் நிம்மதியாக மூச்சு விட்டான். கண் மட்டும் நிறைந்திருந்தது.

கால்வென்டியஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேற ஏதாவது வேணுமாம்மா?"

"வேணாம்."

வாசல் காவலாள் குனிந்து அவள் காதில் சொன்னான்: "பாப்பா, சட்டப்படி அவர் இனிமே உன் தம்பி இல்ல. சின்னப் பிரபுன்னுதான் கூப்பிடணும்."

"நாளைக்கும் வருவேன். நாளன்னிக்கும் வருவேன். தம்பின்னுதான் கூப்பிடுவேன்."

அவன் வாயைத் திறப்பதற்குள் ஓப்பியா தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.