ஊமையாக்கும் ஊசி

“ஐயோ... ரத்தம் நிக்கவே மாட்டேங்குதே!”

அலறியது பல் டாக்டர்!

நாற்காலியில் சாய்ந்திருந்தவள் ஓர் ஆராய்ச்சிக்காரி. பிடுங்கியது ஒரே ஒரு கடைவாய்ப்பல். நனைந்ததோ நான்கு துண்டுகள்!

நான்காம் நாள் காலை. மருத்துவமனை.

அவளுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டில் ஓரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் கணவன். தலைமாட்டில், லேபில் பத்து வருடமாகக் கூடவே வேலை பார்க்கும் தோழி. எதிரே இன்ஸ்பெக்டர்.

“ரத்தத்தை உறைய வைக்கிற புரோட்டீனே உங்க உடம்புல இல்லையாமே, மேடம்? பிறவிக் கோளாறா?”

“இல்ல சார். ஜீன் நல்லாத்தான் இருக்கு. அதோட பேச்சை யாரோ நடுவுல வெட்டிட்டாங்க.”

“புரியலையே...”

“ஜீன்ல இருந்து ஒரு நகல் கிளம்பும். அதைப் படிச்சுத்தான் செல் புரோட்டீன் செய்யும். குட்டி ஆர்.என்.ஏ. ஒண்ணை உள்ள விட்டா, செல்லே அந்த நகலைத் தேடிப் பிடிச்சுத் துண்டாக்கிடும். ஜீன் இருந்தும் ஊமை! ரத்தம் குழாய்க்குள்ளயே உறைஞ்சுடுற நோய்க்காக நாங்க செஞ்ச மருந்து சார் அது... இதுவரை எலிக்கு மட்டும்தான் போட்டிருக்கோம்.”

“உங்களுக்கு யாராவது ஊசி போட்டாங்களா?”

“இவர்தான். ஆறு வாரமா. வெறும் வைட்டமின் சார்!”

கணவனின் கையைப் பற்றிக்கொண்டாள். ஜில்லென்றிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு சின்ன பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

“உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல எடுத்தது. சோதிச்சாச்சு. இதுல வைட்டமின் ஒரு சொட்டுகூட இல்ல!”

வெடுக்கென்று கையை உதறினான் கணவன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! பாட்டிலைக் கொடுத்தது இவதான்!”

அவன் விரல் நீண்டது... தோழியை நோக்கி!

“இல்லைன்னு சொல்லுடி...” கட்டிலில் கிடந்தவள் கெஞ்சினாள். “சொல்லேன்டி!”

தோழி அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவனைத்தான் முறைத்தாள்.

“என்னையா மாட்டி விடுற? ‘இவ போயிட்டா நாம கல்யாணம் பண்ணிக்கலாம், லேப்ல இருந்து எடுத்துட்டு வா’ன்னு என் காலைப் பிடிச்சது யாரு?”



படுத்திருந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கைப்பிடித்தவன் ஒருவன். கூடப் பிறக்காத குறையாக இருந்தவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் சேர்த்து அழ அவளிடம் கண்ணீர் போதவில்லை.

“வக்கீல் வராம நான் வாயே திறக்க மாட்டேன்!” கத்தினான் கணவன்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார்.

“தாராளமா மூடிக்குங்க. ஜீனை ஊமையாக்கினது சரி... காதலியை ஊமையாக்க மறந்துட்டீங்களே சார்!”