நிறுத்திவைக்கப்பட்டவை

குனோங் ராபாட்டில் அந்த வரிசை வீட்டைக் கண்டுபிடித்தபோது மழை தூற ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் பின்னாலேயே சுண்ணாம்பு மலை. அதன் நிழலில், தெரு இருட்டும் முன்பே அந்த வீடு இருட்டிப் போயிருந்தது.

கதவைத் திறந்தவர் ஐயாவு. வேலையிலிருந்து வந்து காவலாளி உடுப்பைக்கூட இன்னும் மாற்றவில்லை.

"கம்ப்யூட்டர் கடை கோகிலன்தானே? என் மகன் ஷர்வினோட கம்ப்யூட்டர். லினக்ஸ்னு என்னமோ போட்டு வச்சிருக்கான். எல்லாத்தையும் அப்டேட் பண்ணி, பழச எடுத்துரு லா தம்பி."

"அவரு இல்லீங்களாண்ணே?"

அவர் சுவரைப் பார்த்தார். மாலை போட்ட படத்தில் ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டிருந்தான். தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை. நாலு மாதத்துக்கு முன் வீட்டுக்கு வரும் வழியில், நெடுஞ்சாலையில், லாரி மோதிப் போய்விட்டான்.

அறையில் ஈரச் சுவரின் வாடை. கம்ப்யூட்டர் முன்னால் அவன் அம்மா முத்தம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தொடாத சோறு. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்டேட்டை ஓடவிட்டேன். எல்லாம் ஏறியது. வீடியோவில் பேசும் பழைய புரோகிராமும் அதற்குத் துணையான இரண்டும் மட்டும் ஏறவில்லை. 'நிறுத்திவைக்கப்பட்டவை' என்று திரை காட்டியது. புதியது ஏறினால் அந்தப் பழைய புரோகிராம் அழிந்துவிடும். அப்படி அழியக்கூடாது என்று யாராவது கையால் பூட்டி வைப்பதுண்டு. சாதாரண விஷயம். பூட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.

மறுபடியும் நின்றது.

பூட்டு திரும்ப விழுந்திருந்தது.

தானாகப் பூட்டும் கட்டளை எதையாவது எழுதி வைத்திருப்பானோ என்று தேடினேன். எதுவும் இல்லை. கடைசியில், இந்தக் கம்ப்யூட்டருக்குள் இப்போது யாரெல்லாம் நுழைந்திருக்கிறார்கள் என்று அதையே கேட்டுப் பார்த்தேன். இரண்டு பெயர் வந்தது. ஒன்று நான் நுழைந்த கணக்கு.

இன்னொன்று ஷர்வின். வெளியிலிருந்து அல்ல. நான் தட்டிக்கொண்டிருந்த இதே கீபோர்டிலிருந்து.

கையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு விசை தானாக அமுங்கி எழுந்தது.

"அவன்தான்," முத்தம்மா மெல்லச் சொன்னார். "இந்த நேரத்துக்குக் கூப்பிடுவான்."

கம்ப்யூட்டரில் அழைப்பு மணி அடித்தது. திரையில் கறுப்பாக ஒரு சன்னல் திறந்தது. உருவம் இல்லை. மழைச் சத்தம். லாரிகள் சீறிப் போகும் சத்தம். அதற்கு நடுவே மூச்சிரைக்கும் ஒரு குரல்.

"ம்மா... வாரேன்."

ஐயாவு வாசற்படியில் நின்று முகத்தை மூடிக்கொண்டார். "தெனமும் இதான் தம்பி. இவ சாப்புடுறதில்ல. கதவத் தொறந்து போட்டுட்டு விடிய விடிய காத்துக் கெடக்கா. இவளும் போயிருவா."

முத்தம்மா திரையைத் தடவினார்.

"மொத நாள் கூப்பிட்டப்ப, எப்படியாச்சும் வந்துருய்யான்னு சொல்லிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இன்னும் ரோட்டுல நடக்கறான். வந்து சேர முடியல எம்புள்ளைக்கு."

மூச்சு இரைத்துக்கொண்டேயிருந்த திரையிடம் முத்தம்மா குனிந்தார்.

"ஐயா," என்றார் மகனிடம். "நீ வர வேணாம்யா. அம்மா இருந்துக்குவேன். ஒனக்கு எங்க போணுமோ அங்க போ."

லாரிச் சத்தம் நின்றது. நான் எதையும் தொடவில்லை. பூட்டு தானாக விலகியிருந்தது.

"எத அமுத்தணும் தம்பி?"

காட்டினேன். முத்தம்மாவே அமுக்கினார். பழைய புரோகிராம் அழிந்தது. கறுப்புச் சன்னல் மூடியது. ஐயாவு ஒரு வாய் சோற்றைப் பிசைந்து ஊட்ட, முத்தம்மா அதை விழுங்க முடியாமல் விழுங்கி, வாய்விட்டு அழுதார். நான் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

மழை கொட்டியது. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை ஓட்டினேன். சிக்னல் தாண்டியதும் கைப்பேசி அடித்தது. ஓரமாக நிறுத்தி, இறங்கி எடுத்தேன். முத்தம்மா.

"தம்பி, அவன எங்க எறக்கிவிட்ட?"

"யாரக்கா?"

"ஒன் பின்னாலதானே ஏறி ஒக்காந்தான். சன்னல்லேருந்து பாத்தேன். எனக்குக் கையக்கூட ஆட்டிட்டுப் போனான் லா."

திரும்பிப் பார்த்தேன்.

அந்த மழையிலும் பின்சீட் நனையவில்லை. கை வைத்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது.