புரியா இடம் 4417

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரகாசி படிப்பானை இயக்கினாள். ஆளுடைய மரபணுக்களின் வரிசையான மரபேட்டை எழுத்துக்கு எழுத்து வாசித்து, பச்சை அட்டையா சிவப்பு அட்டையா என்று சொல்லும் இயந்திரம் அது. பச்சை என்றால் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். சிவப்பு என்றால் கூடாது. தூத்துக்குடி மரபேட்டு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. பாவம் புண்ணியம் பார்க்கிறவள் என்று ஒருவரும் அவளைச் சொன்னதில்லை.

முதல் டோக்கன் சூசைமிக்கேல். வெண்மணல்துறைக்காரன், படகு எஞ்சின் மெக்கானிக். மனைவி பெல்சிக்கு எட்டாம் மாதம். அவனுடைய ஏட்டில் 4417-ஆம் இடம் புரியவில்லை என்று படிப்பான் போன மாதமே சொல்லிவிட்டது. கெட்டது என்று சொல்லவில்லை, புரியவில்லை என்றுதான் சொன்னது. சட்டத்துக்கு இரண்டும் ஒன்று, சிவப்புதான். முறையீட்டுக்குக் கடைசி நாளான இன்றைக்குள் அட்டை மாறாவிட்டால், பிள்ளை பிறந்த அன்றே காப்பகத்து வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

அவன் ஒரு காகிதக் கட்டை மேசைமேல் தொப்பென்று போட்டான். வெண்மணல்துறையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அதே இடம் அப்படியே இருக்கிறது, ஒருவருக்கும் ஒரு நோயும் இல்லை, எழுபது வயதிலும் கடலுக்குப் போகிறார்கள் என்றான்.

அவள் கட்டைப் பிரிக்கவே இல்லை. “எல்லாம் சிவப்பு அட்டை. சாட்சி செல்லாது.”

அதுதான் அந்தச் சட்டத்தின் லட்சணம். படிப்பான் ஒப்பிட்டுப் பார்க்கிற மூலப்பிரதியைத் தயாரித்தபோது பெருநகரங்களில் சில ஆயிரம் பேரின் ஏட்டைப் படித்தார்கள். கடற்கரைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு, பச்சை அட்டைக்காரர்களின் ஏடுகளை மட்டுமே அதில் சேர்க்கலாம் என்று விதி போட்டார்கள். கடற்கரை ஏடுகளில் புரியாத இடங்கள் அப்படியே கிடந்தன.

“சாட்சி சொன்னாத்தான் புரியும். புரிஞ்சாத்தான் பச்சை. பச்சையானாத்தான் சாட்சி சொல்லலாம். இதை எழுதினவன் சோறுதான திங்கான், அக்கா?”

“யாருக்கு யார் அக்கா? மேடம்னு சொல்லுங்க.”

அவளும் அதே துறையில் பிறந்தவள்தான். அந்தக் காகிதக் கட்டில் பெயர் இருந்தவர்களில் பாதிப்பேருக்குச் சிவப்பு முத்திரை குத்தியதும் அவள்தான். இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூசைமிக்கேலின் கண் அவளுக்குப் பின்னால் சுவருக்குப் போயிற்று. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு நற்சான்று. ‘பொறுப்புள்ள குடிமகள்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. வேலையில் சேர்ந்த வருடம், இருபத்து நான்கு வயதில், யாரும் கேட்பதற்கு முன்பே மூன்று மாதக் கருவைக் கலைத்துவிட்டு நிரந்தரக் கருத்தடையும் செய்துகொண்டவளுக்கு அலுவலகம் கொடுத்த மரியாதை. அடியில் பொடி எழுத்தில் காரணமும் இருந்தது. அவன் அதை வாய்விட்டுப் படித்தான். இடம் 4417.

“உங்களுக்கு என்ன நோய் வந்துச்சி?”

அவளுக்கு ஒரு ஜலதோஷம்கூட நாலு நாள் நின்றதில்லை.

“ஒன்பதாம் விதியப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். அதே இடம் இருக்கிற ஆபீஸ் ஆளு ஒருத்தர் முதல்ல சாட்சி சொல்லி வழியத் திறந்துவிட்டா, சிவப்பு அட்டைச் சாட்சியும் செல்லும். அந்த ஆளோட அட்டை எந்த நிறமா இருந்தாலும் சரின்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு கெடுதலும் இல்லை என்று ஆகிவிட்டால் அந்த மூன்று மாதத்துக்கு என்ன பதில் என்பதுதான் தெரியாது.

“நான் கலைச்சேன்ல?” என்றாள். குரல் கூடம் முழுக்கக் கேட்டது. “நீ மட்டும் ஏன் பெத்துக்கணும்?”

தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. சட்டத்தைப் பேசுவதாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள். சீ என்று இருந்தது அவளுக்கு. அதற்காக அவன்மேல் இருந்த வெறுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை, இன்னும் கூடியது.

படிப்பானின் பக்கம் திரும்பிச் சாட்சிப் படிவத்தைத் திறந்தாள். வயது நாற்பத்தாறு. நோய் இல்லை. பிள்ளைகள் இல்லை. காரணம் என்று கேட்டு மூன்று விடைகளைக் காட்டியது திரை: விருப்பமின்மை, உடல்நலக் குறைவு, ஆணை. யாரும் ஆணை போடவில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ‘ஆணை’யைத் தொட்டாள்.

காகிதக் கட்டைப் படிப்பானுக்குள் செருகினாள். இருநூற்றுப் பதின்மூன்று சாட்சிகள். இடம் 4417, தீங்கற்றது. பச்சை அட்டை வெளியே வந்தது.

அவன் அதை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். “நன்றி சொல்ல மாட்டேன்.”

“யார் கேட்டா? போங்க.”

அவன் போன பிறகு படிப்பான் மறுபடி சத்தம் போட்டது. அந்த இடத்துக்காகச் சிவப்பு வாங்கிய எல்லோருக்கும் புது அட்டை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. முதலில் விழுந்தது அவளுடையது. பளபளவென்ற பச்சை அட்டை. பெயருக்குக் கீழே அச்சிட்டிருந்தது: வாழ்த்துகள், இன்று முதல் நீங்கள் குழந்தை பெற்றுக்கொள்ளலாம்.

பிரகாசி அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.