நான்கு விரற்கடை நூல்

சனிக்கிழமை காலை 10.47.

திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு தங்கும் விடுதி. அதன் முதல் மாடிக் கூடத்தில் தேவிப்பிரியா வலக்கையை உயர்த்தி, இல்லாத கொடியில் இல்லாத துணியைப் போட்டாள். அவள் அணிந்திருந்த ஆரஞ்சு நிறப் பனியன் துணிச் சட்டையின் வலப்பக்கக் கை, தோளைச் சுற்றிச் சத்தமே இல்லாமல் திறந்துகொண்டு முழங்கைக்கு இறங்கியது.

அவள் நிறுத்தினாள். கையைப் பார்த்தாள். அடுத்த வசனம் வரவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த அருள்குமார் தன் நோட்டில் ஒரு வரி எழுதி மூடினார். சென்னையிலிருந்து வந்த நடிகர் ஏஜென்ட் அவர்.

"முதல்ல இருந்து பண்ணட்டுங்களா சார்?"

"வேணாம்மா. தன் உடுப்பைத் தானே பாத்துக்காதவங்கள எதை நம்பி ஒரு டைரக்டர்கிட்ட அனுப்புறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பல ஊர்களில் பல பேரிடம் சொல்லி அலுத்த குரல்.

நாடகப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஏஜென்ட் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அவர் வேலை தருபவர் அல்ல. 'இருபத்தைந்து வயது, மாநிறம், நடுத்தர உயரம்' என்று படம் எடுப்பவர் கேட்கும்போது, தன் பட்டியலைத் திறந்து ஒரு பெயரைச் சொல்பவர். அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரே சாயலில் இரண்டு பேரை அவர் வைத்துக்கொள்ளவும் மாட்டார். தன் ஆளுக்குத் தன் ஆளே போட்டியாகிவிடும்.

தேவிப்பிரியா படித்து முடித்துப் பதினான்கு மாதங்கள். ஏஜென்டுகளுக்கு முப்பத்தொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பதில் எழுதியவர் அருள்குமார் ஒருவர்தான். 'ஒரு பனியன் விளம்பர வேலையாகத் திருப்பூர் வருகிறேன். ஆறு நிமிடம் பார்க்கிறேன். உங்கள் வகுப்புத் தோழி சித்ரகலாவும் எழுதியிருக்கிறார். இருவரில் ஒருவரை எடுப்பேன்.'

அவருக்கு மாலை 3.15க்கு ரயில். ஏறுவதற்கு முன் நடைமேடையில் வைத்துச் சித்ரகலாவிடம் ஒப்பந்தக் கையெழுத்து வாங்குவதாகச் சொல்லிவிட்டார்.

பகல் 11.50.

அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி. பதில் வராத மாதங்களில் தேவிப்பிரியா அங்கேதான் தைத்த துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். செக்கிங் பிரிவின் பொறுப்பு சாரதாமணியிடம். நாற்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடமாக நின்றே வேலை பார்த்து வீங்கிய கால்கள். ஒரு பீஸில் எண்ணெய்க் கறை இருந்தால் எந்த மிஷின், எந்த டெய்லர், டீக்கு முன்பா பின்பா என்று சொல்லிவிடுவாள். அதனால் கம்பெனியில் அவளுக்குச் சிபிஐ என்று பெயர். நூல் வெட்டும் டிரிம்மர் ஒன்று கழுத்துக் கயிற்றில் எப்போதும் தொங்கும். தரையில் நூல் கிடக்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி. ஆகவே வெட்டிய நூலெல்லாம் அவளது நீலக் கோட்டின் பைக்குள் போகும். சாயங்காலம் மொத்தமாகக் குப்பையில் கொட்டுவாள்.

"சித்ரகலாதானுங்க்கா. வேற யாரு?" என்றாள் தேவிப்பிரியா.

"அழுது முடிச்சுட்டியா?"

"முடிச்சுட்டனுங்க."

"அப்பச் சட்டையக் குடு." சாரதாமணி அவள் தோளில் ஒட்டியிருந்த ஒரு பிசிறை எடுத்துப் பைக்குள் போட்டாள். "யாரு தெச்சது?"

"நான்தானுங்க. ஊட்டுல, அம்மாவோட சிங்கர் மிஷின்ல."

"நேத்து எங்க இருந்துச்சு?"

"சாயங்காலம் அஞ்சரைக்கு இங்க அயர்ன் டேபிள்ல குடுத்துட்டுப் போனேன். காலைல எட்டரைக்கு வந்து போட்டுக்கிட்டு உங்ககிட்டக் காட்டினேன்."

"ஆமா. கொடில துணி போடறாப்புல கையத் தூக்கிக்கூடக் காட்டுனே."

"சுத்தி வந்து பாத்துட்டு, நல்லாருக்குது, போயிட்டு வா கண்ணுன்னீங்க. நேரா பஸ் ஏறிட்டேன். ஒம்பது அம்பதுக்கு விடுதில வெச்சு அவ என்ற காலர்ல பின்னு குத்தி உட்டா. அப்பத்தான் ஏதோ பண்ணியிருக்கறா."

சாரதாமணி சட்டையை உள்பக்கம் திருப்பிச் செக்கிங் டேபிளின் விளக்குக்குக் கீழே விரித்தாள்.

வலப்பக்கத் தோளில் நூல் எங்குமே அறவில்லை. முழு நீளமும் சுருள் சுருளாக, ஒரே இழையாக வெளியே வந்திருந்தது. இதில்தான் விஷயம் இருக்கிறது. சிங்கர் தையலில் மேல் நூலும் அடி நூலும் ஒவ்வொரு துளையிலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஓரிடத்தில் அறுந்தால் அந்த இடம்தான் போகும். சங்கிலித் தையல் வேறு. ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் அடுத்தது. அரிசி மூட்டை பிரித்தவர்களுக்குத் தெரியும்: தைத்து முடித்த முனையைப் பிடித்தால் ஒரே இழுப்பில் வாய் திறந்துவிடும். மறுமுனையைப் பிடித்தால் விரல்தான் வலிக்கும்.

"இது உன்ற தையல் இல்ல. பிரிச்சுட்டுச் சங்கிலி போட்டிருக்குது."

இடப்பக்கக் கையையும் பார்த்தாள். அதுவும் சங்கிலி. ஆனால் அது பிரியவில்லை. தையல் முடிந்த இடத்தில் நான்கு விரற்கடை நீளத்துக்கு நூல் வால் போலத் தொங்கியது. வலப்பக்கத்தில் அந்த வால் இல்லை. துணியோடு ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

பகல் 1.05.

கம்பெனிக்கு எதிரிலிருந்த பேக்கரி. தேவிப்பிரியா போனில் திட்டிய திட்டுக்கு திருப்பூர் ராயபுரத்திலிருந்து சித்ரகலாவே வண்டியில் வந்துவிட்டாள். டீயைத் தொடவில்லை.

"நீ ஜெயிச்சதுக்கு என்ற சட்டையப் பிரிப்பியா?"

"எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியாது. காலேஜ்ல என்ற பட்டனத் தெச்சுக் குடுத்ததே நீதான், மறந்துட்டியா?"

சாரதாமணி குறுக்கிட்டாள். "காலைல பின்னு குத்தறப்ப எங்க குத்துனே?"

"காலர்லங்க. கழுத்தத் தாண்டிக் கை போகலீங்க."

"கத்திரி வெச்சிருந்தியா?"

"பையக் கொட்டிக் காட்டட்டுங்களா?" கொட்டியும் காட்டினாள். சீப்பு, பின்கள், தலைவலித் தைலம், கசங்கிய வசனத் தாள். "நானும் பதினாலு மாசமாத்தானுங்க்கா மெயில் போட்டுட்டு இருக்கறேன். ஊட்டுல எனக்கு மட்டும் என்ன, ஆரத்தியா எடுக்கறாங்க?"

பேக்கரியை விட்டு வரும்போது சாரதாமணி சொன்னாள்: "இவ இல்ல. கெடுக்க வந்தவ ஒரு கையோட உட்டிருப்பா. ரெண்டு கையும் ஒரே மாதிரி மாத்தியிருக்குது. ஜோடி சேராமப் பீஸ விட மனசு வராத ஆளு, டெய்லர்தான்."

பகல் 1.40.

நேற்று மாலை ஓவர்டைம் பார்த்தவர்களில் சங்கிலித் தையல் மிஷின் ஓட்டுபவன் முனீஸ் ஒருவன்தான். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன்.

"ஆரஞ்சுச் சட்டை. சொல்லு."

முனீஸ் கீழே பார்த்தான். "மேனேஜருக்குத் தெரிஞ்சா வேல போயிரும்க்கா."

"நான் மேனேஜர் இல்ல."

"அந்தப் புள்ள சாப்பாட்டு நேரத்துல பேக்கிங் ரூம்ல நடிச்சுப் பாக்கும்ல, கையத் தூக்கித் துணி போடுற மாதிரி. நானும் பாத்திருக்கேன். அயர்ன் டேபிள்ல சட்டையப் பாத்தா சிங்கர் தையல். பனியன் துணி இழுபடும், சிங்கர் இழுபடாது. கையத் தூக்குனா பட்டுனு விட்டுரும்ல? அதேன் பிரிச்சுட்டுச் சங்கிலி போட்டேன். அது துணியோட சேந்து இழுபடும். நல்லது பண்ணத்தேன் நெனச்சேன்."

"அவகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"கேக்காமப் பிரிச்சுப்புட்டேன்ல. காலைல சொல்லிக்கிருவோம்னு இருந்தேன். நான் வாரதுக்குள்ள கெளம்பிருச்சு."

"முடிவுல கட்டுப் போடலயே?"

"வட்டத் தையல்க்கா, மேல ஓட்டிக் கட்ட வேற தையல் குறுக்க வராது. அதுக்குத்தேன் நாலு விரக்கடை வால் விட்டேன். அம்புட்டு நீளம் இருந்தா தையல் பிரிஞ்சு ஓடவே ஓடாது. ஒட்ட வெட்டுனாத்தேன் ஓடும்." நிமிர்ந்தான். "நான் வெட்டல. எந்தச் சாமி மேல வேணா சத்தியம் பண்றேன்."

சாரதாமணி அவனை நம்பினாள். வெட்டுவதற்கென்றே ஒருவன் வால் விட மாட்டான்.

அப்படியானால் யார்? வெட்டிய முனையை மறுபடி பார்த்தாள். பல்லால் கடித்தால் நூல் சப்பையாகும். பிளேடு போட்டால் துணியிலும் கீறல் விழும். இது சுத்தமான வெட்டு. துணியைத் தொடாமல், துணியை ஒட்டி. டிரிம்மர் வேலை. டிரிம்மர்களுக்கு நம்பர் உண்டு. காலையில் கொடுத்து மாலையில் வாங்கி வைப்பார்கள். எதுவும் கேட்டைத் தாண்டாது. ஆக நூல் வெட்டப்பட்டது விடுதியிலோ பஸ்ஸிலோ அல்ல. இந்தக் கட்டடத்துக்குள். எட்டரைக்குக் கை தூக்கிக் காட்டியபோது தையல் பிரியவில்லை; ஆகவே அதற்குப் பிறகு.

"யாருக்கா?" என்றான் முனீஸ்.

அவன் சட்டைக் காலரில் ஒரு வெள்ளை நூல் தொங்கியது. சாரதாமணியின் கை அதை எடுத்தது. கோட்டுப் பைக்குள் போட்டது.

கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

இந்த வாரம் கம்பெனியில் ஓடுவது முழுக்க வெள்ளை. பையைத் திறந்து பார்த்தாள். மூடினாள். சாயங்காலம் ஐந்தரைக்கு இது குப்பைக்குப் போய்விடும். சித்ரகலாமேல் பழி அப்படியே இருக்கும். இல்லையென்றால் முனீஸ்மேல். யாரும் கேட்கப்போவதில்லை.

"தேவி, கெளம்பு. ஸ்டேஷனுக்குப் போலாம்."

"யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"

"அங்க வந்து சொல்றேன். ஒருக்காத்தான் சொல்ல முடியும்."

பகல் 2.50.

நடைமேடையில் அருள்குமார் பெட்டிமேல் காகிதத்தை வைத்திருந்தார். சித்ரகலா பேனாவைத் திறந்திருந்தாள்.

"சார், ரெண்டு நிமிசம் குடுங்க," என்றாள் சாரதாமணி. சட்டையைக் காட்டித் தையலைச் சொன்னாள், டெய்லர் நல்லெண்ணத்தில் மாற்றியதைச் சொன்னாள், வாலைச் சொன்னாள். பிறகு பைக்குள் கையை விட்டாள். வெள்ளை நூல் குப்பைக்கு நடுவே, நான்கு விரற்கடை நீளத்தில் ஓர் ஆரஞ்சுச் சங்கிலி இருந்தது.

"வெட்டுனது நான்தானுங்க. காலைல இந்தப் புள்ள கையத் தூக்குனப்ப அக்குள்ல நூல் தொங்கியிருக்குது. வலக்கையத்தான் தூக்குனா, அதனால அந்த வாலு மட்டும் போச்சு. வெட்டுனது ஞாபகமே இல்லீங்க. ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் நூல் வெட்டற கை. கண்ணு பாத்ததும் கை வெட்டிரும், என்னக் கேக்காது. நாள் முச்சூடும் எல்லாரையும் விசாரிச்சேன். என்ற பையத் தவிர எல்லாத்தையும் பாத்தேன்."

தேவிப்பிரியா அவளைப் பார்த்தாள். "நீங்களாக்கா?"

"நான்தான் கண்ணு."

"இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார் அருள்குமார்.

"ஒண்ணுமில்லீங்க. இவ கவனம் இல்லாதவன்னு நோட்டுல எழுதியிருந்தீங்கன்னா, அத மட்டும் அடிச்சிருங்க."

அவர் நோட்டைத் திறந்து ஒரு வரியை அடித்தார். கடிகாரத்தைப் பார்த்தார். 2.56.

"உன் காட்சி ஆறு நிமிஷம். இங்கேயே பண்றியா?"

சித்ரகலா பெட்டியை ஓரமாக நகர்த்தி இடம் விட்டாள்.

தேவிப்பிரியா, பிரிந்த சட்டைக்குப் பதிலாகக் கம்பெனியில் மாட்டிக்கொண்ட செக்கிங் கோட்டிலேயே நின்றாள். காலையில் சிரித்துக்கொண்டே சொன்ன வசனங்களை இப்போது தரையைப் பார்த்துச் சொன்னாள். கொடிக்கு உயர்ந்த வலக்கை பாதியில் நின்றது. யாரோ இன்னும் ஒரு பக்கெட் துணியைக் கொண்டுவந்து வைத்தது போல அவள் பெருமூச்சு விட்டாள். பிறகுதான் கை மேலே போனது. ஆரஞ்சுப் பழம் விற்றவர் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார்.

"காலையில நீ பண்ணதும் சித்ரகலா பண்ணதும் ஒண்ணு," என்றார் அருள்குமார். "ஒரே வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. இது வேற. களைச்ச முகம் கேட்டு மாசத்துக்கு நாலு போன் வருது. என் லிஸ்ட்ல எல்லாரும் பளபளன்னு இருக்காங்க." பெட்டியிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ஆறு மாசம் ஒண்ணும் வராமப் போகலாம். தினமும் எனக்குப் போன் பண்ணக் கூடாது."

"வேலைக்குப் போயிட்டிருப்பனுங்க சார். நேரம் இருக்காது."

ரயில் 3.15க்கு வந்து 3.17க்குப் போனது. சித்ரகலா வண்டி எடுக்கப் போனாள். சனிக்கிழமை, பீஸ் இன்னும் எண்ணூறு பாக்கி. மற்ற இருவரும் மேம்பாலப் படிகளில் மெதுவாக ஏறினார்கள். தேவிப்பிரியா ஒரு படி முன்னால் போனாள்.

மேல் படியில், தேவிப்பிரியாவின் தோளில் ஒரு வெள்ளை நூல் தெரிந்தது. சாரதாமணியின் வலக்கை தானாக எழுந்தது. இடக்கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

தேவிப்பிரியா அதைப் பார்த்துவிட்டாள். நின்றாள். கழுத்தைத் திருப்பி, நூலின் இரண்டு முனைகளையும் பார்த்தாள். நூல் எதோடும் தைக்கப்பட்டிருக்கவில்லை.

"இத எடுக்கலாமுங்க்கா," என்றாள்.